கட்டிக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும்

மூளையில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கை வந்த வீட்டில் அன்று மாலைக்குள் ஒரு கேள்வி எழுந்துவிடும்: ஆபரேஷனா, கரண்ட் வைப்பதா, மாத்திரையா? கேள்வியில் தவறில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மூளைக் கட்டி என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. நோய் எங்கே குடியிருக்கிறது என்று சொல்லும் விலாசம் அது. அந்த ஒரே விலாசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு பிரித்துக் காட்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் புரோலாக்டினோமா பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும். மூளையில் தோன்றும் லிம்ஃபோமாவை வெட்டி எடுப்பதால் பெரிய பயன் இல்லை. அதற்கு வழி உயர் அளவு மெத்தோட்ரெக்சேட். ஜெர்மினோமா கதிர்வீச்சுக்குக் கரைந்துவிடும், பெரும்பாலோர் குணமடைந்துவிடுவார்கள். மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறியதாகத் தென்பட்டால், அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே பலருக்குப் போதும். கிளையோபிளாஸ்டோமாவோ கத்தி, கதிர், மருந்து மூன்றையும் கொடுத்த பிறகும் அநேகமாகத் திரும்பி வரும். வெளியே தெரியும் தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வைக் கோளாறு இவற்றை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது கடினம். எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பவர் இத்தனையையும் ஒரே நோயாக எண்ணிவிடுகிறார். இத்துறையில் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் நோயாளிக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பங்கு, எந்த ஆயுதம் யாருக்குப் பலிக்கும் என்று பிரித்தறிந்ததால் வந்தது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளையும், எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்க்கலாம்.

இடத்தை மட்டும் அறிந்து சிகிச்சை செய்த காலம் ஒன்று இருந்தது. 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் 25 வயது இளைஞர் ஒருவரின் மண்டையோட்டைத் திறந்து மூளைக்குள்ளிருந்த கட்டியை எடுத்தார். எக்ஸ்ரேயே இன்னும் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான் வரப்போகிறது. நோயாளிக்கு வலிப்பு வந்த விதத்தையும் கை செயலிழந்த முறையையும் வைத்தே கட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் கணித்திருந்தார். சொன்ன இடத்தில் கட்டி இருந்தது. நோயாளி ஒரு மாதத்துக்குள் மூளைச்சவ்வுத் தொற்றில் இறந்தார். அடுத்து வந்த ஹார்வி குஷிங் அறுவையின்போது நேரும் இறப்பைப் பெருமளவு குறைத்தார். ஆனால் அறுவை எவ்வளவு பாதுகாப்பானதாக ஆனாலும், கிளையோபிளாஸ்டோமா உள்ளிட்ட கிளையோமா வகைக் கட்டிகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. 1928இல் வால்டர் டேண்டி அறுவையின் எல்லைவரை போய்ப் பார்த்தார்: உடலின் இடப்பக்கம் ஏற்கெனவே செயலிழந்திருந்த சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதியையே அகற்றினார். அப்படியும் கட்டி திரும்பியது. கிளையோமா செல்கள் வெள்ளைத் துணியில் சொட்டிய மையைப் போல ஓரம் தெரியாமல் ஊடுருவிப் போகின்றன. எங்கே இருக்கிறது என்ற அறிவு அங்கே கைகொடுக்கவில்லை; என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கத்திக்கு அடுத்து வந்தது கதிர். 1978இல் அமெரிக்காவில் வாக்கரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அதன் இடத்தை உறுதிசெய்தது. தீவிரக் கிளையோமாவுக்கு அறுவைக்குப் பின் வேறெதுவும் தராதவர்கள் சராசரியாக 14 வாரம் வாழ்ந்தார்கள்; கதிர்வீச்சு பெற்றவர்கள் 35 வாரம் வாழ்ந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பெரிய அசைவில்லை. 2005இல் ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. ஆறு வாரக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைத் தினமும் கொடுத்து, பிறகும் ஆறு மாதச் சுற்றுகள் தொடர்ந்தபோது, இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாயிற்று. இன்றும் உலகெங்கும் கிளையோபிளாஸ்டோமாவுக்கு இதுவே அடிப்படைச் சிகிச்சை. இரண்டரை மாதம் என்றால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதே இதழில் அதே ஆய்வின் திசுக்களை வைத்து வந்த இன்னொரு கட்டுரைதான் என் வாதத்துக்கு முக்கியம். டெமோசோலமைடு கட்டிச் செல்லின் டி.என்.ஏ.வில் காயம் செய்கிறது, எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்தக் காயத்தை ஆற்றிவிடுகிறது. ஏறத்தாழ 45 விழுக்காடு கட்டிகளில் அந்தப் புரதத்தின் மரபணு மெத்திலேற்றத்தால் முடங்கிக் கிடந்தது. அப்படி முடங்கியவர்களில் கூட்டுச் சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் கொண்டு தொடங்கியோருக்கு 15.3 மாதம். மரபணு விழித்திருந்தவர்களிடம் வித்தியாசம் ஒரு மாதத்தைத் தொடவில்லை. ஆக, இரண்டரை மாதம் என்ற எண் எந்த நோயாளியின் எண்ணும் இல்லை. நிறையப் பெற்றவர்களையும் ஒன்றும் பெறாதவர்களையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி அது.

இதைவிடத் தெளிவான சான்று ஆலிகோடெண்ட்ரோகிளையோமா என்ற கிளையோமா வகையின் கதை. புரோகார்பசின், லோமுஸ்டின், வின்கிரிஸ்டின் மூன்றும் சேர்ந்த பழைய கூட்டு மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று வட அமெரிக்காவிலும் மற்றொன்று ஐரோப்பாவிலும், 2006இல் தங்கள் முடிவைச் சொன்னபோது ஒட்டுமொத்த ஆயுளில் பயனில்லை என்றன. அத்தோடு கோப்பை மூடியிருந்தால் அந்த மருந்து மறக்கப்பட்டிருக்கும். நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்து, முதலாம் குரோமோசோமின் குறுங்கையையும் பத்தொன்பதாம் குரோமோசோமின் நெடுங்கையையும் சேர்த்து இழந்த கட்டிகளைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். வட அமெரிக்க ஆய்வில் அந்தக் குழுவில் கதிர்வீச்சு மட்டும் பெற்றோர் 7.3 ஆண்டும், கூட்டு மருந்தும் பெற்றோர் 14.7 ஆண்டும் வாழ்ந்தது 2013இல் தெரியவந்தது. ஆயுள் இரட்டிப்பு. மருந்து அதே மருந்து, நோயாளிகளும் அதே நோயாளிகள்; ஏழு ஆண்டுகளில் மாறியது பெயரிட்ட முறையும் காத்திருந்த பொறுமையும்தான். 2008இல் ஐ.டி.எச். மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பின் பெயரிடுதலே தலைகீழாயிற்று. நுண்ணோக்கியில் அமைதியானதாகத் தோன்றும் கட்டிகூட, இந்த மாற்றம் இல்லாமல் வேறு சில மரபணு அடையாளங்கள் இருந்தால், 2021 வகைப்பாட்டின்படி கிளையோபிளாஸ்டோமாதான். மறுபக்கம், இந்த மாற்றம் உள்ள இரண்டாம் தரக் கிளையோமாவுக்கென்றே உருவான வோராசிடெனிப் மாத்திரை, 331 பேரிடம் நடந்து 2023இல் வந்த ஆய்வில், கட்டி வளராதிருந்த காலத்தை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியது. அது ஆயுளை நீட்டுமா என்று சொல்ல இன்னும் காலம் பிடிக்கும். ஆனால் பெயர் தெரியாமல் அந்த மாத்திரையை யாருக்கும் எழுதித்தர முடியாது.

சரி, பெயரிட வேண்டுமானால் திசு வேண்டும். திசுவுக்கு மண்டையில் துளையிட வேண்டும். இங்கேதான் முதல் மறுப்பு வருகிறது. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியது. மூளைக் கட்டியில் ஊசிபோன தடத்தில் நோய் பரவுவது மிக அரிது. உண்மையான ஆபத்து இரத்தக்கசிவு. ஊசிவழித் திசுப் பரிசோதனையில் உயிரிழப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. இது சிறிய விலையில்லை. எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1990இல் ராய் பேட்செல் வெளியிட்ட ஆய்வில், உடலின் வேறு பாகத்துப் புற்று மூளைக்கு ஒரே கட்டியாகப் பரவியதாக ஸ்கேனை வைத்து முடிவுகட்டப்பட்ட 54 பேர் சேர்க்கப்பட்டார்கள். திசுவைப் பார்த்தபோது ஆறு பேருக்கு அது பரவிய புற்றே இல்லை. ஏற்கெனவே புற்று உள்ளவர்களிடமே இந்தக் கதி. நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னையில் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் மூளைக்குள் தெரிந்த கட்டிகளில் கணிசமானவை காசநோய்க் கட்டிகள். இன்று அவை குறைந்திருந்தாலும் மறையவில்லை. நாடாப்புழுவின் கூட்டுப்பை தரும் கட்டியும் உண்டு. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் கரையக்கூடிய காசநோய்க் கட்டிக்கு யாரோ ஒருவர் கதிர்வீச்சு வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் பெயரிடாமல் நடப்பதன் விலை. திசு எடுக்காமல் பெயரிடக்கூடிய கட்டிகளும் இருக்கின்றன. இரத்தத்தில் புரோலாக்டின் பல மடங்கு ஏறியிருந்தால் அதுவே சான்று. செவி நரம்பின் ஷ்வான்னோமாவை எம்.ஆர்.ஐ. படத்திலேயே பெரும்பாலும் உறுதிசெய்துவிடலாம். அங்கெல்லாம் ஊசி தேவையில்லை. பெயருக்குத்தான் என் வாதம், ஊசிக்கு இல்லை. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் அவசரத்தில் உயிர்காக்கும் மருந்துதான், ஆனால் லிம்ஃபோமா என்று சந்தேகம் இருந்தால், நிலைமை அனுமதிக்கும்வரை திசு எடுத்த பிறகே அதைத் தொடங்குவார்கள். முந்திக் கொடுத்தால் கட்டி தற்காலிகமாகக் கரைந்து, எடுத்த திசுவில் பெயர் சொல்ல எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

இரண்டாவது மறுப்பு அறுவை மருத்துவர்களிடமிருந்து வரும். அதற்கு வலு அதிகம். எப்படியும் கட்டியை எடுக்கத்தானே போகிறோம், எடுத்த பிறகு பெயர் தெரிந்தால் போதாதா? பல கட்டிகளுக்கு இது சரி. தண்டுவட நீர் அடைபட்டு நினைவு தப்பும் நிலையில் பெயருக்காக ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கிளையோமாவிலும் அதிகமாக எடுத்தால் நல்லது என்பதற்கு நல்ல சான்று உண்டு. நார்வேயில் இரண்டு மருத்துவமனைகள், மெதுவாக வளரும் கிளையோமாவுக்கு வெவ்வேறு வழக்கம் வைத்திருந்தன. ஒன்றில் ஊசியால் திசு எடுத்துவிட்டுப் பொறுத்திருப்பார்கள். மற்றதில் சீக்கிரமே அறுவை செய்வார்கள். நோயாளி எந்த வட்டாரத்தில் வசிக்கிறார் என்பதே எந்த மருத்துவமனை என்பதைத் தீர்மானித்ததால், தானே அமைந்த ஒரு சோதனையாக அது ஆகிவிட்டது. 153 பேரின் கணக்கு 2012இல் வந்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு அறுவைப் பக்கம் 74 விழுக்காடும் காத்திருந்த பக்கம் 60 விழுக்காடும் இருந்தது. ஆனால் இதே நோய்க்குக் கதிர்வீச்சை உடனே தருவதா, கட்டி வளரும்வரை தள்ளிவைப்பதா என்று பார்த்த ஐரோப்பிய ஆய்வில் ஆயுள் 7.4, 7.2 ஆண்டு என்று ஏறக்குறைய சமமாகவே நின்றது. உடனே தந்ததால் கட்டி வளராத காலம் மட்டும் நீண்டது. ஒரு கட்டிக்குள்ளேயே கத்திக்கு ஒரு வேளை, கதிருக்கு வேறொரு வேளை. அடுத்ததாக, அறுவையின் அளவையும் பெயரே பாதிக்கிறது. அறுவை நடக்கும்போதே உறைய வைத்த திசுவைப் பார்த்து லிம்ஃபோமா என்று நோய்க்கூறியல் மருத்துவர் சொன்னால், பேச்சுப் பகுதியை ஒட்டி இன்னும் தோண்டுவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. கிளையோமா என்றால் நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே, பேச்சு தடுமாறும் எல்லைவரை எடுத்துப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது.

பெயரின் தேவை பரவிய புற்றுகளுக்கும் பொருந்தும். உடலின் பிற பகுதியிலிருந்து மூளைக்குப் பரவும் புற்றுகள், மூளையிலேயே தோன்றுபவற்றைவிட எண்ணிக்கையில் அதிகம். அவற்றுக்கு நெடுங்காலம் ஒரே விடை இருந்தது: மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. மேலே சொன்ன பேட்செல் ஆய்வு அதை முதலில் அசைத்தது. ஒரே கட்டி உள்ளவர்களுக்கு அறுவையும் சேர்ந்தபோது ஆயுள் 15 வாரத்திலிருந்து 40 வாரமானது. அடுத்து, லார்ஸ் லெக்செல் ஸ்டாக்ஹோமில் 1951இல் முன்வைத்த ரேடியோசர்ஜரி, பல திசைகளிலிருந்து மெல்லிய கற்றைகளைக் கட்டியில் மட்டும் குவிக்கும் முறை, பரவலானது. அதோடு முழுமூளைக் கதிர்வீச்சையும் சேர்ப்பது நல்லதுதானே என்று தோன்றும். 2009இல் வந்த ஒரு ஆய்வு 58 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டையும் பெற்றவர்களுக்கு நான்கு மாதத்தில் நினைவாற்றல் சரியும் வாய்ப்பு 52 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது, குவிகதிர் மட்டும் பெற்றவர்களுக்கு அது 24. பிரிட்டனில் தொடங்கிய குவார்ட்ஸ் ஆய்வு இன்னும் கடுமையான பாடம் சொன்னது. அறுவைக்கோ குவிகதிருக்கோ ஏற்றவர்கள் அல்லாத 538 நுரையீரல் புற்று நோயாளிகளில், முழுமூளைக் கதிர்வீச்சு பெற்றோர் 9.2 வாரமும், ஸ்டீராய்டும் ஆதரவும் மட்டும் பெற்றோர் 8.5 வாரமும் வாழ்ந்தார்கள். அதேவேளை, அதே நுரையீரல் புற்றில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருந்தால், ஓசிமெர்டினிப் மாத்திரை மூளைக்குள்ளும் புகுந்து கட்டிகளைச் சுருக்குகிறது. நுரையீரல் புற்று மூளைக்குப் போய்விட்டது என்ற ஒரே வாக்கியத்துக்குக் கீழே, வாரக்கணக்கிலும் வாழ்பவர் உண்டு, ஆண்டுக்கணக்கிலும் வாழ்பவர் உண்டு.

இதெல்லாம் காசுள்ள நாட்டுக் கதை, நமக்கு மரபணுப் பரிசோதனை எட்டுமா என்பது மூன்றாவது மறுப்பு. நான் இதைத் திருப்பிப் போட்டே பார்க்கிறேன்: பெயர் தெரியாமல் செலவழிப்பதுதான் ஏழைக்குக் கட்டுப்படியாகாது. ஐ.டி.எச். மாற்றத்தில் மிகப் பரவலானதைச் சாதாரணத் திசுவில் ஒரு சாயமேற்றும் சோதனையாலேயே கண்டுவிடலாம். டெமோசோலமைடு இந்தியாவில் பொதுப்பெயர் மருந்தாகக் கிடைக்கிறது. இவற்றுக்கு முன்னால் பெவாசிசுமாப் ஊசியை வைத்துப் பாருங்கள். புதிதாகக் கண்டறியப்பட்ட கிளையோபிளாஸ்டோமாவில் அதைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014இல் வந்தன. ஒன்றில் ஆயுள் ஊசி பெற்றவர்களுக்கு 16.8 மாதம், பெறாதவர்களுக்கு 16.7; மற்றொன்றில் ஊசி பெற்றவர்களுக்கு 15.7, பெறாதவர்களுக்கு 16.1. ஆனால் இரண்டிலும் ஸ்கேன் அழகாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. கட்டியின் இரத்தக்குழாய்கள் ஒழுகுவதால்தான் எம்.ஆர்.ஐ. படத்தில் சாய மருந்து வெள்ளையாகத் தேங்குகிறது. இந்த மருந்து ஒழுகலை அடைக்கிறது. வெள்ளை குறைகிறது, செல்கள் குறையாமலிருக்கலாம். கதிர்வீச்சு முடிந்த சில வாரங்களில் இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: கட்டி வளர்ந்ததுபோல் படம் காட்டும், உண்மையில் அது சிகிச்சையின் வீக்கம். படத்தை நம்பிப் பலிக்கிற மருந்தை நிறுத்துவதும் பலிக்காத மருந்தைத் தொடர்வதும் இப்படித்தான் நேர்கின்றன. வீக்கத்தால் அவதிப்படுபவருக்கு ஸ்டீராய்டைக் குறைக்க இந்த ஊசி உதவுகிறது. அந்த வேலைக்கு அதைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டை விற்று வாங்கும் ஆயுள்நீட்டியாக அதை நினைப்பதில்தான் மறுப்பு. சென்னையில் 2019இல் வந்த புரோட்டான் சிகிச்சையையும் இப்படியே அளக்கலாம். மெடுல்லோபிளாஸ்டோமா உள்ள குழந்தைக்கு மூளையோடு தண்டுவடம் முழுவதற்கும் கதிர் தர வேண்டியிருக்கிறது. புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால் இதயமும் வயிறும் தப்புகின்றன. அறுபது எழுபது ஆண்டு வாழ வேண்டிய குழந்தைக்கு அது பெரிய லாபம். கிளையோபிளாஸ்டோமா உள்ள பெரியவருக்கு அதனால் ஆயுள் கூடியதாக நிரூபிக்கப்படவில்லை.

தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளையோபிளாஸ்டோமா உள்ள 695 பேரிடம் நடந்த ஆய்வில் அது ஆயுளை 16 மாதத்திலிருந்து 20.9 மாதமாக நீட்டியது. எண் சின்னதில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி மாட்டப்படவில்லை. மொட்டையடித்த தலையில் நாளுக்குப் பதினெட்டு மணிநேரம் அணிந்திருக்க வேண்டும். விலையோ மிக அதிகம். இதை ஏற்பதா என்பது நோயாளி எப்படி வாழ விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது.

கடைசி மறுப்புதான் மிகக் கசப்பானது. பெயர் கிளையோபிளாஸ்டோமா என்று வந்துவிட்டால் அதைத் தெரிந்து என்ன லாபம்? தீராத நோய்க்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? முதியவர்களிடம் நடந்த ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. 2012இல் ஜெர்மனியிலிருந்தும் நார்டிக் நாடுகளிலிருந்தும் வந்த இரண்டு ஆய்வுகள், டெமோசோலமைடு மட்டுமா கதிர்வீச்சு மட்டுமா என்று முதியவர்களிடம் ஒப்பிட்டன. எம்.ஜி.எம்.டி. மரபணு முடங்கியிருந்தவர்களுக்கு மாத்திரை நன்றாகப் பலித்தது. மரபணு விழித்திருந்தவர்களுக்கு மாத்திரையில் அந்தப் பலன் இல்லை, ஜெர்மன் ஆய்வில் அவர்களுக்குக் கதிரே மேலாக இருந்தது. 2017இல் 562 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, குறுகிய கதிர்வீச்சோடு மாத்திரையையும் சேர்த்தால் 7.6 மாதம் 9.3 மாதமாகிறது என்றது. விழித்திருந்த மரபணுக்காரர்களிடமும் சிறு லாபம் இருக்கலாம் என்று அதில் தோன்றியது. ஆகவே பெயரும் மரபணுவும் சட்டம்போல் எதையும் விதிப்பதில்லை. நோயாளி எழுந்து நடக்கிறாரா, என்ன விரும்புகிறார் என்பவற்றோடு சேர்த்து எடைபோட ஒரு படிக்கல்லாக அவை இருக்கின்றன. அப்படி எடைபோடுவதற்கு மிக எளிய உதாரணம் கனடாவிலிருந்து 2004இல் வந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான 30 நாள் கதிர்வீச்சும், பாதிப் பேருக்கு 15 நாளில் முடியும் குறுகிய கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஆயுள் 5.1 மாதம், 5.6 மாதம், வித்தியாசம் இல்லை என்றே பொருள். வாரத்தில் ஐந்து நாள் கணக்கில், முதல் வழி ஆறு வாரம், இரண்டாவது மூன்று வாரம். ராமநாதபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, மகனோ மகளோ வேலையை விட்டுவிட்டு உடனிருக்க, தினமும் சில நிமிடக் கதிருக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, ஐந்தரை மாதத்தில் மூன்று வாரம் வீடு திரும்பக் கிடைக்கிறது. நோய் இன்னது, வயது இவ்வளவு என்று தெரிந்திருந்தால் மட்டுமே மருத்துவர் அந்த மூன்று வாரத்தைத் துணிந்து கொடுக்க முடியும்.